மட்டம்

குத்தாலத்தில் அந்த வீடு மலிவாய்க் கிடைத்ததற்குக் காரணம்
தெரு.
தேர்தலுக்கு ஒரு தார் என்று பூசிப் பூசி
ஒன்றரை அடி வளர்ந்துவிட்டது அது.
வீடு வளரவில்லை.
ஐப்பசியில் சாக்கடை உள்ளே வந்து
கூடத்தில் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகும் என்றார் விற்றவர்,
உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

தேக்குத் தூண் எட்டு. சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம்.
வைஃபை கூடத்தைத் தாண்டாது.
மாடுலர் கிச்சன் போட வந்த பையன்
மூலைக்கு மூலை டேப்பை நீட்டிப் பார்த்து
"வீடு சாஞ்சிருக்கா, நான் சாஞ்சிருக்கேனாக்கா" என்றான்.

அதெல்லாம் பரவாயில்லை.
படிகள்தான்.
ரேழிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று,
அறைக்கு அறை, கொல்லைக்கு என்று
நிலைகளின் குறுக்கே கிடந்த கட்டைகள் ஏழு,
ஒவ்வொன்றும் அஞ்சு அங்குலம்.
நடக்கிற கால் அவற்றை எண்ணுவதில்லை.
அமிர்தகடேசன் எண்ணினார்,
சக்கர நாற்காலியில் ரேழியோடு நின்று.
"வயலாட்டம்ல இருக்கு, வரப்பு வரப்பா."

அவர் லஸ்கர்.
இருபத்திரண்டு வருஷம் மதகு ஷட்டரைத்
திருகி ஏற்றியவர், திருகி இறக்கியவர்.
ஒரு கார்த்திகை ராத்திரி
பாசிப் படி அவரைக் கைவிட்டது.

இஞ்சினியர் ஃபர்ஹானா சொன்னாள்:
தூண் இருக்கட்டும், ஓடு இருக்கட்டும்,
எண்பதுகளில் யாரோ அப்பிய சிமெண்டை உரித்துவிடலாம்,
சுவர் மூச்சு விடட்டும்.
படிகளை மட்டும் அறுத்து எடுத்துவிடலாம்.

ஆசாரி குஞ்சிதபாதம்
ரம்பத்தைச் சாக்குக்குள் திரும்ப வைத்தார்.
"மஞ்சள் ஏறுன கட்டைம்மா.
நிலைப்படிய அறுத்தா குடி நிலைக்காது. வேற ஆளப் பாருங்க."
தூக்கிய பாதத்தைப் பெயரில் வைத்திருப்பவர்
கால் படாமல் படி தாண்டிப் போனார்.

யாரோ பூசிய மஞ்சள், யாரோ வீட்டு மகாலட்சுமி.
நானே அறுக்கிறேன் என்று
வெல்டிங் பட்டறையில் கட்டர் வாங்கி வந்து
பிளக்கைச் செருகினேன்.
பழைய வயரிங். படாரென்று ஃபியூஸ் போய்
வீடே இருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து அவர்:
"தண்ணி வரப்ப அறுத்து நீ பாத்திருக்கியா?"
பார்த்திருக்கிறேன், உடைப்பெடுத்தபோது.
"அது வெள்ளம். நான் சொல்றது பாசனம்.
மட்டம் ஏறுற வரைக்கும் நிக்கும்.
ஏறிட்டா
வரப்பே கிடையாது."

தரையை ஏற்றினோம்.
செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு,
காவிரிக் கரையில் குடியிருந்துகொண்டு
எங்கோ பாறையை அரைத்த எம்-சாண்ட் இரண்டு லோடு.
கொத்தனார் ட்யூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையைப் பிடிக்க
மறுமுனை இவர் மடியில்.
"அரை நூல் ஏத்து. இன்னும். போதும், போதும்!"
ஆற்றுக்கு அக்கரை கேட்கிற குரல்,
மூன்று வருஷமாய் நான் கேட்காதது.

தூண்களின் கல்பாதம் பாதி புதைந்தது.
ஃபர்ஹானா அதைப் படமெடுத்துக்கொண்டாள்,
அன்று டீ வேண்டாமென்று போய்விட்டாள்.
படிகள் ஏழும் அப்படியே உள்ளே இருக்கின்றன.
முதுகு மட்டும்
சிவப்புத் தரையில் ஒரு மரக்கோடு.
முற்றத்தின் மேல் தரை மட்டத்துக்குக் கம்பி வலை,
மழைக்கு வழிவிட்டு.
தெருவிலிருந்து இறங்கச் சரிவு.
சரிவின் தலையில், அவரே வரைந்து கொடுத்த
முழ உயர இரும்பு ஷட்டர்,
சாக்கடைக்காக. திருகு அவர் கைக்கெட்டும் உயரத்தில்.

அஞ்சு அங்குலம் சும்மா வராது.
நிலைகள் குள்ளமாகிவிட்டன.
கொழுந்தன் நெற்றியில் வாங்கிக்கொண்டார்,
கேஸ் சிலிண்டர் ஆள், வார்டு கவுன்சிலர்,
அவசரத்தில் நானும்.
கதவுகளின் அடி தரையில் இடித்ததால்
குஞ்சிதபாதத்தைத் திரும்பக் கூப்பிட்டோம்.
கதவை அறுக்க அவருக்கு ஆட்சேபம் இல்லை.
குனிந்து வந்தார், குனிந்து போனார்.

ரேழியில் ஒரு தள்ளு தள்ளினால்
கூடம், முற்றத்துக் கம்பியில் கடகட, தாழ்வாரம், கொல்லை வரை
தலை நிமிர்ந்து போகிற ஆள்
இந்த வீட்டில் ஒருவர்தான்.

இன்று காலை தெருமுனையில்
தார் டின்கள் இறங்கின.
அவர் நாற்காலியைத் திருப்பினார்,
எத்தனை அங்குலம் என்று கேட்டுவர.